கூரைக்காரன் சொல்லாமல் விட்டது

எல்லாம் அந்த ஏசியால் வந்த வினை.

ஷார்ஜா ரோலாவிலிருந்து துபாய் ஜெபல் அலிக்குக் காலையில் ஆள் ஏற்றிப் போய்ச் சாயங்காலம் திரும்பும் வேன் அது. முன்சீட்டில், டிரைவர் கான் சாப் பக்கத்தில், எப்போதும்போல கதிர்காமு. கம்பத்துக்காரன். ஜெபல் அலியில் ஒரு வேர்ஹவுஸில் சூப்பர்வைசர். இங்கே வருமுன் மும்பையில் குப்பை கொட்டியதில் ஹிந்தி அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பெஷாவர்க்காரரான கான் சாப்போடு அவன் அடிக்கும் அரட்டையையும், முகத்தை மூடிய தாடியையும் பார்த்து வேனே அவனை ஹைதராபாத்காரன் என்று முடிவு கட்டியிருந்தது. பேரைக்கூட யாரும் கேட்டதில்லை. 'பாய்' என்றால் திரும்புவான், அவ்வளவுதான்.

ஒரு நாள் பின்சீட்டிலிருந்து ஒரு புதுக் குரல்.

"பாய்... ஏசி... தோடா... கம் கரோ... ப்ளீஸ்?"

ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் பொறுக்கி எடுத்த ஹிந்தி. சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினான். அடக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. சிரிப்பு தானாக நின்றுவிட்டது... அந்தக் கண்களைப் பார்த்ததும். பெரிய கண்கள். இப்போதுதான் மழை பெய்து ஓய்ந்த மாதிரி ஓர் ஈரம். குளிரில் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

"அபி கர்தா ஹூம், மேடம்" என்றது அவன் வாய், பழக்க தோஷத்தில்.

அவள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த, வேனில் தினமும் வரும் விஜியிடம் திரும்பினாள். "இந்த மனுசன் சிரிக்கவே மாட்டாரோடி? உம்மெண்டு முகத்தை வைச்சுக்கொண்டு... ஆனா கண் மட்டும் நல்ல வடிவு."

தமிழ்! அதுவும் யாழ்ப்பாணத் தமிழ்!

கதிர்காமுவுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. சரி, நீங்களே சொல்லுங்கள். ஒரு பெண் உங்கள் கண்ணைப் பற்றி இப்படிச் சொன்ன பிறகு, "ஏங்க, நானும் தமிழ்தாங்க" என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு திரும்புவது? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் சொல்லியிருப்பான். அதற்குள் கதை ஆரம்பித்துவிட்டது.

அவள் பேர் தர்மிகா. விஜியின் ஆபீசிலேயே டாக்குமெண்டேஷன் வேலை. அங்கே இருந்த வெள்ளைக்கார மேனேஜரம்மா ஊருக்கு ஒரேயடியாகத் திரும்பும்போது ஓர் அட்டைப்பெட்டி நிறையப் பழைய நாவல்களைத் தர்மிகா தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தாள். எல்லாம் விக்டோரியா மகாராணி காலத்துக் கதைகள். இங்கிலாந்தின் பட்டிக்காடுகளில் நடப்பவை. அத்தனையும் சோகம்! விஜி தஞ்சாவூர்ப்பக்கம், கணக்கில் புலி, இங்கிலீஷ் நாவல் என்றால் கொட்டாவி. அதனால் தர்மிகா படித்ததை வேனில் அவளுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வருவாள்.

அதுவரை ஜன்னலில் தலையை முட்டிக்கொண்டு தூங்கிவந்த விஜி இப்போது கொட்டக் கொட்ட விழித்திருந்தாள். முன்சீட்டில் இன்னொரு ஆளும்தான்.

இப்போது ஓடிக்கொண்டிருந்த கதையில் எட்வின் என்று ஒரு கூரை வேய்கிறவன். மார்த்தா என்று ஒரு தையல்காரி. அவனுக்கு அவள்மேல் உயிர். ஆனால் வாயைத் திறக்க மாட்டான்.

"ஒவ்வொரு வருசமும் அறுப்பு முடிய அவள் வீட்டுக் கூரையை வேய வாறான் விஜி. கூரை நல்லாத்தான் கிடக்கு! எண்டாலும் வாறான். மேலே இருந்துகொண்டு, அவள் முற்றத்தில உடுப்புக் காயப்போடுறதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான்."

"கீழ இறங்கிப் பேச வேண்டியதுதானே, லூசு!"

"தான் கூலிக்காரன், அவள் படிச்ச பிள்ளை எண்டு ஒரு நினைப்பு."

"சரி, அந்தக் கழுதையாவது கேட்டாளா?"

"பொம்பிளை எப்பிடிக் கேக்கிறது? அந்தக் காலமெல்லோ."

முன்சீட்டில் கதிர்காமு பல்லைக் கடித்துக்கொண்டான். இவன் கிடக்கிறான் கோழை! ஆனால்... நாம் மட்டும் என்ன செய்துகொண்டிருக்கிறோமாம்? என்ற நினைப்பு சுருக்கென்று வரும். உடனே அதைத் துரத்திவிடுவான். சொன்னால் கதை நின்றுவிடுமே! விடிந்தால் அந்தக் குரலைக் கேட்கப்போகிறோம் என்றுதானே இப்போதெல்லாம் அலாரத்துக்கு முன்னாலேயே எழுந்து தாடியை வாரிக்கொண்டு நிற்கிறான். வெள்ளிக்கிழமை லீவு வந்தால் தொழிலாளர் கேம்பே கொண்டாடும், இவன் ஒருத்தன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவான்.

கதைக்கு நடுவே தர்மிகாவின் சொந்தக் கதையும் வரும். அவள் அம்மா கொழும்பில், உறவுக்காரர் வீட்டில் ஒதுங்கியிருக்கிறாள். யாழ்ப்பாணத்துக்குப் பாதை சண்டையில் மூடிக் கிடக்கிறது. "இனி எங்களுக்குக் கனடாதான் கரை" என்பது அம்மாவின் ஒரே பாட்டு. டொராண்டோவில் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறாள். நல்லவராம்.

"உனக்குப் பிடிச்சிருக்கா?" என்று விஜி கேட்டாள் ஒருநாள்.

"படத்தில பார்த்த முகத்தைப் பிடிச்சிருக்கெண்டு எப்பிடியடி சொல்லுறது?" என்றவள் குரல் கம்மிவிட்டது. "ஆனா அம்மா அழுதா என்னால தாங்க ஏலாது."

அன்று முழுக்க கதிர்காமுவுக்கு வேலையே ஓடவில்லை. ஷார்ஜாவுக்குப் போக வேண்டிய பெட்டிகளை மஸ்கட் லாரியில் ஏற்றச் சொல்லிவிட்டு முதலாளி அரபாபிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

கடைசி அத்தியாயம் வந்தது. மெட்ரோவுக்காக எழும்பிக்கொண்டிருந்த தூண்களை ஒட்டி வேன் ஊர்ந்துகொண்டிருந்தது.

"மார்த்தா ஊரை விட்டுப் போற நாள்..." தர்மிகாவின் குரல் ஏற்கெனவே தழுதழுத்தது. "நாற்சந்தியில கோச்சு வண்டிக்கு நிக்கிறாள். எட்வின் வேலிக்குப் பின்னால தொப்பியைக் கையில பிடிச்சபடி நிக்கிறான். அவள் திரும்பித் திரும்பிப் பாக்கிறாள், விஜி. வண்டி வருது. அவன் வாய் திறக்கேல்லை. ஏறிப் போயிட்டாள். அந்த மாரியிலயே காய்ச்சல் கண்டு செத்தும் போயிட்டாள். அடுத்த வருசம் அறுப்பு முடிய, ஆளில்லாத அந்த வீட்டுக்கு அவன் வந்து..."

"வந்து?"

"கூரை வேய்ஞ்சிட்டுப் போறான்."

"அட கூறுகெட்டவனே!" வேன் அதிர்ந்தது. "வேலிக்குப் பின்னாடி நின்னு என்னத்தடா கிழிச்ச? ஒத்த வார்த்தை, ஒத்த வார்த்தை சொல்லித் தொலைஞ்சிருக்கலாம்ல!"

முழுத் தமிழ். கம்பம் பள்ளத்தாக்கின் அசல் தமிழ். முன்சீட்டிலிருந்து!

கான் சாப் பிரேக்கில் காலை வைத்துவிட்டார். "க்யா ஹுவா, பாய்?"

பாய் என்ன சொல்வான்? கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லத் திரும்பினான். விஜி வாயைப் பிளந்தபடி இருந்தாள். தர்மிகாவின் முகத்தில் முதலில் திகைப்பு... பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வர வர, நெற்றிவரை ஏறிய சிவப்பு.

"உங்களுக்குத் தமிழ் தெரியுமோ?"

"தெரியும்ங்க... கம்பம் நம்ம ஊரு."

"முதல் நாள்ல இருந்தே எல்லாம் விளங்கினதோ?"

அவன் தலையைக் குனிந்தான்.

"என்ர அம்மாவைப் பற்றி... நான் அழுதது... எல்லாத்தையும் காதை நீட்டிக் கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள், என்ன? வெக்கமாயில்லையோ?"

"இருக்குங்க" என்றான். பொய் சொல்லவில்லை, செத்துப்போகலாம் போலிருந்தது.

அதோடு கதை நின்றது. மறுநாளிலிருந்து தர்மிகா ஜன்னல் பக்கம் திரும்பியவள் திரும்பியவள்தான். ஏசி எவ்வளவு குளிர்ந்தாலும் குறைக்கச் சொல்லவில்லை. அவனாகவே குறைத்து வைப்பான். அவள் அதைக் கவனிக்காத மாதிரி இருப்பாள். ஒருமுறை வேனை விட்டு இறங்கும்போது, "மன்னிச்சிருங்க" என்றான். "நஹி சமஜ்தா" என்று, புரியாதவள் மாதிரி சொல்லிவிட்டுப் போனாள். ஹிந்தியில்! பாவி, என்ன ரோஷம்!

இன்னொரு பக்கம் அவளுக்கும் மனசு கேட்கவில்லை. அது கதிர்காமுவுக்கு எப்படித் தெரியும்? விஜிதான் சொன்னாள், கேட் வாசலில் மறித்து வைத்து.

"அண்ணே, நீங்க செஞ்சது தப்பு. தமிழ் தெரியாதுன்னு நெனச்சு நானும் உங்களைக் கண்டபடி பேசித் தொலைச்சிருக்கேன், அதை விடுங்க. புதுசா ஒரு நாவல் எடுத்திருக்கா. படிக்கறா, மூடி வைக்கறா. எனக்கு மட்டும் சொல்ல அவளுக்கு ருசிக்கலையாம். நாளைக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள கனடாவுக்குப் பதில் சொல்லணும்னு அவங்க அம்மா கெடு வெச்சிட்டாங்க. நீங்க கூரை மேலயே உக்காந்திருங்க, என்ன?"

நாளைக்கா! அன்று வியாழக்கிழமை. சாயங்காலம் வேன் புறப்படும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஜனவரி மாசம், துபாய் அதுவரை காணாத மழை. ஷேக் சாயித் ரோடு ஆறாக ஓடியது. வண்டிகள் எல்லாம் ஹசார்ட் விளக்கைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் நின்றன. கான் சாப் எஞ்சினை அணைத்துவிட்டு, "கலாஸ்!" என்று, அவ்வளவுதான் என்பதுபோல் கையை விரித்தார்.

விஜி எழுந்தாள். "அண்ணே, எனக்குத் தலை சுத்துது. முன்னாடி உக்காரணும். நீங்க பின்னாடி போங்க."

தலை சுற்றுகிறவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு! வேறு வழியில்லாமல் கதிர்காமு எழுந்துபோய், தர்மிகாவுக்கும் தனக்கும் நடுவே ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தான். அவள் கண்ணாடியில் வழியும் மழையைப் பார்த்தாள். அவன் தன் கையைப் பார்த்தான். இந்த மழை விட்டால் ரோலா வரும். ரோலா வந்தால் அவள் இறங்குவாள். இறங்கினால்... ஆளில்லாத வீட்டுக்கு ஆயுசு பூராவும் கூரை வேய வேண்டியதுதான்.

"ஒரு கதை சொல்லட்டுமா?" என்றான்.

அவள் முகம் ஜன்னல் பக்கமே இருந்தது. ஆனால் தோள் கொஞ்சம் அசைந்தது.

"ஒரு வேன்ல ஒரு ஆளு இருந்தான். முன்சீட்டுக்காரன். ஒரு நாள் ஒரு பொண்ணு அவன்கிட்ட ஏசியைக் கம்மி பண்ணச் சொல்லுச்சு. நானும் தமிழ்தான்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும். கண்ணு வடிவா இருக்குன்னு அந்தப் பொண்ணு சொல்லிருச்சு. அவன் வாழ்க்கையில அதுவரைக்கும் ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்ல. வெக்கப்பட்டுக்கிட்டு இருந்துட்டான்."

மழைச் சத்தம். அவள் திரும்பவில்லை. ஆனால் மெதுவாக ஒரு குரல் மட்டும்.

"பிறகு?"

கதிர்காமு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"பெறகு, அது கதை சொல்ல ஆரம்பிச்சுச்சு. சீமைக் கதை. ஆனா அதைக் கேக்கக் கேக்க அவனுக்குத் தனியா இருக்கோம்ங்கிற நெனப்பே போயிருச்சு. தமிழ் தெரியும்னு சொன்னா கதை நின்னுரும்னு பயம். கதைக்கு ஆசைப்பட்டு, அந்தப் பொண்ணோட சொந்தக் கஷ்டத்தையும் திருட்டுத்தனமாக் கேட்டுட்டான். அது தப்புதான். அதுக்கு என்ன திட்டினாலும் வாங்கிக்கிடுவான்."

"பிறகு?"

"அந்தப் பொண்ணு கனடா போகப் போகுதுன்னு தெரிஞ்சுச்சு. போகாதன்னு சொல்ல அவனுக்கு உரிமை கிடையாது. அவன் வேர்ஹவுஸ்காரன். ரூமுக்கு எட்டுப் பேரு. அங்க நல்ல மாப்பிள்ளை இருக்காரு, அவங்க அம்மாவுக்கு நிம்மதி. எல்லாம் தெரியும். ஆனா..." குரல் உடைந்தது. விட்டுவிடவில்லை. "ஆனா வேலிக்குப் பின்னாடி நிக்க அவனால முடியலீங்க. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. நாளைக்கு நீங்க என்ன பதில் சொன்னாலும் சரி... இது தெரியாம சொல்லிறக் கூடாது. அம்புட்டுதான் கதை."

தர்மிகா திரும்பினாள். கண்ணில் நீர் முட்டி நின்றது. உதட்டில் மட்டும் சிரிப்பை அடக்கத் தெரியாமல் தவித்தாள்.

"அந்தப் பெட்டி முழுக்க வாசிச்சிட்டன்" என்றாள். "ஒரு புத்தகத்திலயாவது ஒருத்தனாவது நேரத்துக்கு வாய் திறப்பானோ எண்டு பார்த்தன். ஒருத்தனும் இல்லை."

கதிர்காமு முகம் மலர வாயைத் திறந்தான். அவள் விடவில்லை.

"எனக்கு இன்னும் கோவம்தான். அது கெதியில போகாது. ஏசியைக் குறைச்சு வைச்சா எல்லாம் சரியெண்டு நினைக்காதேங்கோ."

"கவனிச்சீங்களா!"

"நான் என்ன கண் தெரியாதவளோ?" என்று முறைத்தாள். பிறகு துப்பட்டா நுனியை விரலில் சுற்றியபடி, குரலைத் தணித்து, "அம்மாவுக்கு நாளைக்கு என்னெண்டு சொல்லுறது? வேண்டாமெண்டு சும்மா சொல்ல ஏலாது. ஆர் எண்டு கேப்பா. அழுவா. சண்டை பிடிப்பா. முன்சீட்டு பாய் எண்டோ சொல்லுறது? உங்கட பேர்கூட எனக்குத் தெரியாது."

இத்தனை நாளில் வேனில் யாரும் கேட்காத கேள்வி. தன் பேரைச் சொல்வதற்கே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. கம்பத்தில் தெருவுக்கு ஒருத்தன் வைத்திருக்கிற பழைய பேர்.

"கதிர்காமு."

தர்மிகா விரலில் சுற்றிய துப்பட்டாவை விட்டுவிட்டாள்.

"என்ன?"

"கதிர்காமு. எங்க தாத்தா நேந்துக்கிட்டு வெச்ச பேரு..."

"கதிர்காமம் எங்கட நாட்டில எல்லோ இருக்கு! எங்கட முருகன்ர பேர்! அம்மா ஒவ்வொரு வெள்ளியும் விரதம் பிடிக்கிற சாமி!" அவள் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். இப்போது அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டன. "அந்தப் பேரை வைச்சுக்கொண்டு... இவ்வளவு நாளும் என்னோட ஹிந்தியோ கதைச்சனீங்கள், பாவி மனுசா!"

முன்சீட்டில் விஜியின் தோள்கள் குலுங்கின. ஒன்றும் புரியாத கான் சாப்கூடச் சிரித்தார். வெளியே மழை விடுகிற வழியாகத் தெரியவில்லை. விடவும் வேண்டாம் என்றிருந்தது கதிர்காமுவுக்கு. கண்ணில் நீரோடு, தாடி முழுக்கச் சிரித்தான்.

தர்மிகா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிரிப்பும் வடிவாத்தான் இருக்கு" என்றாள், இந்தத் தடவை அவனிடமே.