சுழி பார்க்க இரண்டு பேர்

பத்மநாதன் சிரித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்ததுதான் யோகமலருக்கு முதலில் பிழையாகப் பட்டது. பகல் முழுக்கத் தொழிற்சாலையில் நின்றுவிட்டுப் பின்னேரம் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவப் போகிற மனிதன் அவன். இடையில் தொரொன்டோ டோர்செட் பார்க்கில் இருக்கும் அப்பார்ட்மென்டுக்கு வந்து, நின்ற நிலையில் சோற்றை அள்ளி விழுங்கிவிட்டு அடுத்த வேலைக்கு ஓடுவதுதான் வழக்கம். அன்றைக்குச் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, மேசையில் ஒரு பெரிய வரைபடத்தை விரித்தான்.

"தக்ஷி, இஞ்சை வா. கடலுக்குள்ளை தண்ணி சுத்துறதைப் பாத்திருக்கிறியோ?"

மூன்றாம் வகுப்புப் படிக்கிற மகள் தக்ஷிகா ரீவியை விட்டு ஓடி வந்தாள். "பாத்டப்பிலை சுத்துற மாதிரியோ அப்பா?"

"அதிலும் பெரிசு. இந்த பில்டிங்கையே விழுங்கும்."

கனடாவின் கிழக்குக் கோடியில், நியூ பிரன்சுவிக் கரையில், கடல் பெருகும் நேரத்தில் தண்ணீர் ஒரு இடத்தில் முட்டிமோதித் தானாகவே சுழலுமாம். படகில் கொண்டுபோய்க் காட்டுவார்களாம். "வெள்ளி பின்னேரம் வெளிக்கிட்டா சனி மத்தியானம் அங்கை நிக்கலாம். பாத்திட்டு உடனை திரும்பலாம். மொன்றியலுக்குப் போற மாதிரித்தான், அங்காலை இன்னும் கொஞ்சம் ஓட வேணும்."

கொஞ்சமாம். வரைபடத்தில் அவனுடைய விரல் மொன்றியலைத் தாண்டியும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. கடலின் நீலத்தில் போய்த்தான் நின்றது.

"நயாகராவையே இன்னும் காட்டேல்லை நீங்கள்," என்றாள் யோகமலர்.

"அது நல்ல தண்ணி, உப்பில்லை," என்றான் அவன்.

பதில் மாதிரியே இல்லை. ஆனால் அவன் அதைப் பதிலாகத்தான் சொன்னான். யோகமலர் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். கடல் என்ற சொல்லையே வீட்டில் எடுக்காத மனிதனுக்கு இப்போது என்ன வந்தது என்று நினைத்தாள். போன கோடையில் ஏரிக்கரையில் ஊர்ச்சனம் இறைச்சி வாட்டியபோது, இவன் காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளேயே இருந்தான். பாவம், கடலில் பட்டது மறக்கவில்லை என்று எல்லோரும் இரக்கப்பட்டார்கள்.

பட்டது சாமான்யமில்லை. தொண்ணூறாம் ஆண்டு மன்னார்க் கரையிலிருந்து அவன் இந்தியாவுக்குப் படகேறினான். படகு கவிழ்ந்தது, ஒருவரும் தப்பவில்லை என்றுதான் செய்தி வந்தது. ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்து பார்த்துவிட்டு, அவனுடைய தமையன் இராஜரட்ணம் காரியம் செய்ய ஐயரைக் கூப்பிட்டார். தர்ப்பையில் ஓர் உருவம் செய்து, அதற்குக் கொள்ளி வைத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடித்தார்கள். வழக்கமாகக் கரைக்கிற கீரிமலைக்குப் போகிற வழியில் ஆமி நின்றதால் சாம்பலைப் பருத்தித்துறைக் கடலில் கரைத்தார்கள். யோகமலர் பொட்டை அழித்தாள், தாலியைக் கழற்றினாள், அழுது ஓய்ந்தாள். அதற்கு அடுத்த மாதம் கொழும்பில் இருந்த உறவினருக்கு ஒரு தொலைபேசி வந்தது. பத்மநாதன் தொரொன்டோவில் நிற்கிறான்.

ஊரே சந்தோஷப்பட்டது. செய்த காரியத்தை மட்டும் அவனுக்குச் சொல்லக்கூடாது என்று முடிவு செய்தார்கள். உயிரோடு இருக்கிறவனுக்குக் கொள்ளி வைத்துவிட்டோம் என்று யார்தான் வாய் திறந்து சொல்வார்கள்? யோகமலர் புதுத்தாலி செய்வித்து, பழையதுதான் என்று சொல்லிக்கொண்டு, பிள்ளையோடு விமானம் ஏறினாள். வந்து ஒன்றரை வருடமாகிறது. ஒரு நாளும் அவன் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

யாரோ சொல்லிவிட்டார்கள் என்றுதான் இப்போது அவளுக்குத் தோன்றியது. அந்தக் கோபத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் தூரத்துக் கடலுக்கு அழைக்கிறானோ? கட்டின புருஷனைப் பற்றி இப்படி நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது. மனம் கேட்காமல் மல்வேர்னில் இருக்கும் சிநேகிதி ஜெயமலருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, மனிசன் ஆசையாக் கூட்டிக்கொண்டு போறன் எண்டா அதுவும் உங்களுக்குக் குறையே?" என்று ஜெயமலர் சிரித்தாள். "எங்கடையவர் என்னை மோலுக்குக் கூட்டிக்கொண்டு போறதுக்கே ஆயிரம் நியாயம் கதைப்பார்."

"உங்கடை அன்புராசா அண்ணையோடை இவர் அந்தப் படகைப் பற்றி எப்பவாவது கதைச்சவரோ?"

"ஒருக்கா இவர் கேட்டவராம், எப்பிடித் தப்பினனீர் எண்டு."

"என்ன சொன்னவராம்?"

"தப்பினனான் எண்டு ஆர் சொன்னது எண்டு பகிடியாக் கேட்டவராம். விடுங்கோ அக்கா. ஆம்பிளையளின்ரை பகிடி."

விட முடியவில்லை. அதற்குப் பிறகு அவளுடைய கண் எல்லாவற்றிலும் போய் நின்றது. கதவடியில் அவன் கழற்றி வைக்கிற சப்பாத்துகளில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. பனிக்காலத்தில் பனியை உருக்க றோட்டில் கொட்டுகிற உப்பு எல்லோருடைய சப்பாத்திலும் ஏறும், அதை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் இது செப்டெம்பர். துடைத்து வைத்தாள். மறுநாள் திரும்பவும் படிந்திருந்தது. கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கப் போனபோது, மெஷினின் அடியில் ஒரு பிடி கறுப்பு மணல் கிடந்தது, பொடிச் சிப்பிகளோடு. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவி மூக்கைச் சுளித்து, மீன் மணக்கிறதே என்ற மாதிரி இவளைப் பார்த்தாள். யோகமலருக்கு அவமானமாக இருந்தது, பயம் பிறகுதான் வந்தது.

இன்னொன்று. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் திடீரென்று கையை நிறுத்துவான். தலையைச் சற்றுச் சரித்து எதையோ கேட்பான். குழாய்க்குள் தண்ணீர் போகும் சத்தம், மேல்வீட்டுப் பிள்ளைகள் ஓடுகிற சத்தம், லிஃப்ட் கம்பிகள் உரசுகிற சத்தம் எல்லாவற்றுக்கும் அடியில் அவனுக்கு மட்டும் ஏதோ கேட்கிற மாதிரி இருக்கும். பிறகு மெதுவாகச் சொல்வான். "இப்ப ஏறுது." படகுக்காரர் அனுப்பின தாளில் கடல் பெருகும் நேரங்கள் போட்டிருந்தன. அவள் அதை அவனுக்குத் தெரியாமல் எடுத்து ஒத்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் சரியாக இருந்தது. அவன் கடிகாரத்தைப் பார்க்கவேயில்லை.

வியாழக்கிழமை விடிகிற நேரத்தில் அவள் எழும்பியபோது குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. லைட் போடவில்லை. யன்னல் வழியாக வந்த சாம்பல் நிற வெளிச்சத்தில் பத்மநாதன் வேலை உடுப்போடு பாத்டப்புக்கு முன்னால் முழங்காலில் நின்றான். தொட்டி நிறைந்த தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது. வடிய வேண்டிய தண்ணீர் குறையவில்லை. சுழன்றுகொண்டு மட்டும் இருந்தது. அவன் குனிந்து அதனோடு குசுகுசுத்தான், பிள்ளைக்குக் கதை சொல்கிற குரலில். ஒரு கை தண்ணீருக்குள் இருந்தது. அவள் எட்டிப் பார்த்தாள். கை, தண்ணீர் வடிகிற துவாரத்துக்குள் போயிருந்தது. முழங்கை வரை. அந்தத் துவாரத்துக்குள் ஒரு எலுமிச்சங்காய் போகாது.

அவள் பின்னுக்கு நடந்து மகளின் கட்டிலில் ஏறி, அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்தாள். நித்திரைக் கண்ணால் பார்த்தது என்று தன்னையே சமாதானப்படுத்தினாள். அது எடுபடவில்லை. ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது: இந்தப் பிள்ளை அந்தப் படகில் ஏறக்கூடாது.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தக்ஷியைத் தொலைபேசிக்கு முன்னால் இருத்தினாள். டொக்டரோடு கதைப்பது, கரண்ட் கம்பனியோடு கதைப்பது எல்லாம் தக்ஷிதான். தாய் தமிழில் சொல்ல, பிள்ளை இங்கிலிஷில் சொல்லும். அங்கிருந்து வருவதைத் தமிழாக்கித் தரும். "அந்தப் படகுக்காரருக்கு எடு. எங்கடை இடத்தை கான்சல் பண்ணச் சொல்லு."

தக்ஷி கதைத்தாள். "அம்மா, செலீன் எண்டு ஒரு அன்ரி. போட் அவவின்ரையாம். ரெண்டு பேருக்குத்தான் இடம் போட்டிருக்காம். யோகா, டக்ஷி."

"அப்பாவுக்கு?"

பிள்ளை கேட்டுச் சொன்னது. "அப்பா போட்டிலை வரேல்லையாம். எங்களை அங்கை மீட் பண்ணுவாராம்."

"எங்கை? கரையிலையோ?"

தக்ஷி கேட்டாள். மறுபக்கம் ஒரு பெண் சிரித்தது யோகமலருக்கும் கேட்டது. "கரையிலை இல்லையாம் அம்மா. சுழிக்குப் பக்கத்திலையாம். அப்பா ஜோக் அடிக்கிறார் எண்டு அவ நினைச்சவவாம்."

யோகமலர் கான்சல் பண்ணச் சொன்னதையும் மறந்து ரிசீவரைப் பறித்து வைத்தாள். அன்று இரவு அவள் சமைக்கவில்லை. வெள்ளி பின்னேரம் பத்மநாதன் வேலையால் வந்தபோது, மகளைத் தனக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டு கதவடியில் நின்றாள்.

"நீங்கள் போட்டிலை வரேல்லையோ?"

"நான் அங்கை நிப்பன்தானே."

"நாங்கள் வரமாட்டம். பிள்ளையையும் விடமாட்டன்."

அவன் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சப்பாத்தைக் கழற்றாமல் நின்று, மகளை நெடுநேரம் பார்த்தான். அந்தப் பார்வையில் பாசம்தான் இருந்தது, அதுதான் அவளை உறைய வைத்தது.

"பருத்தித்துறையிலை நீங்கள் கரைச்சது எனக்கு வந்து சேந்தது, யோகம்," என்றான். "நல்லாத்தான் செய்தனீங்கள். அண்ணையில எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. ஆனா அங்கை தனிய நிக்கிறது கஷ்டமப்பா."

அவன் திரும்பிக் கொரிடோரில் நடந்தான். பையில்லை, ஜாக்கெட் இல்லை. கதவைச் சாத்திச் சங்கிலியைப் போட்டுவிட்டு அவள் பல்கனிக்கு ஓடினாள். கீழே கார் தன் இடத்திலேயே நின்றது. வாசலால் யார் யாரோ போனார்கள், வந்தார்கள். இருட்டும் வரை பார்த்தாள். பத்மநாதன் கட்டடத்தை விட்டு வெளியே வரவில்லை.

சனிக்கிழமை மழை. யோகமலர் மகளைத் தன் பக்கத்தை விட்டு விலக விடவில்லை. குளிக்க வேண்டாம் என்றாள், தோழி வீட்டுக்குப் போக வேண்டாம் என்றாள். இருவரும் சோபாவில் இருந்து கார்ட்டூன் பார்த்தார்கள். படகுக்காரர் தாளில் போட்டிருந்த நேரம் வந்தபோது பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்தாள். மணிக்கூட்டு முள் நகர்ந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ரீவியில் ஒரு பூனை விழுந்து எழும்பியது, தக்ஷி சிரித்தாள். அம்மா கை நோகுது என்று சொன்னாள். யோகமலரும் சிரித்தாள். கடவுளே, பிள்ளை என்னோடுதான் இருக்கிறாள் என்று உரக்கச் சொன்னாள். குசினிக்குப் போய், வியாழக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக அடுப்பை மூட்டிப் புட்டுக்கு மாக் குழைத்தாள்.

பின்னேரம் தொலைபேசி அடித்தது. தக்ஷி எடுத்தாள்.

"அம்மா, செலீன் அன்ரி. அழுறா."

"ஏனாம்?"

"ஒரு லேடியும் கேர்ளும் போட்டிலை வந்தவையாம்."

"ஆரோ வேறை ஆக்கள்."

தக்ஷி கேட்டாள். கவனமாக, டொக்டர் சொல்வதைக் கேட்கிற மாதிரி. "யோகா, டக்ஷி எண்டு சொன்னவையாம். சுழிக்குக் கிட்டப் போகேக்கை, அங்கை அப்பா நிக்கிறார் எண்டு கேர்ள் கை காட்டினதாம்."

"வை. போனை வை."

"பிறகு ரெண்டு பேரும் தண்ணிக்குள்ளை இறங்கிட்டினமாம்."

குசினியில் தண்ணீர் கொதித்தது. மழை. வேறு சத்தமில்லை.

"பொலிஸ் இப்பத்தான் ரெண்டு பேரையும் தண்ணியிலையிருந்து எடுத்தவையாம், அம்மா. அந்தக் கேர்ளுக்கு இந்தப் பல்லு இல்லையாம்." பிள்ளையின் நாக்கு, போன கிழமை பல் விழுந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தது.

யோகமலர் இரண்டடி எடுத்து வைத்தாள். கார்ப்பெட் ஈரமாக இருந்தது. தக்ஷியின் தலைமயிர் நுனியிலிருந்து ஒரு துளி விழுந்தது. இன்னொன்று. பிள்ளை அதைக் கவனிக்கவில்லை. உதடு நீலமாகியிருந்தது.

"வீட்டிலை பெரியாக்கள் ஆரும் நிக்கினமோ எண்டு கேக்கிறா. நாங்கள் ஆராம்? என்ன சொல்ல, அம்மா?"

சொல்ல வேண்டும். நாங்கள் இங்கேதான் இருக்கிறோம். எங்கேயும் போகவில்லை. யோகமலர் வாயைத் திறந்தாள்.

தண்ணீர் வந்தது.

நிற்கவில்லை. கழுத்தால் வழிந்து, சட்டையை நனைத்து, கார்ப்பெட்டில் கொட்டியது. தக்ஷி ரிசீவரைக் காதில் வைத்தபடி, அம்மா சொல்வதை இங்கிலிஷில் மாற்றிச் சொல்லக் காத்துக்கொண்டு நின்றாள்.