கொழும்புக்கும் மாலேக்கும் நடுவே

மழைக்கு ஒதுங்கத்தான் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அந்த டிராவல்ஸ் ஆபீஸுக்குள் ஏறினாள் பிரம்மநாயகி. ஏறியவள் சுவரில் இருந்த உலகப்படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். எவ்வளவு நீலம்... மாலத்தீவு எங்கே என்று தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

தொண்ணூற்று நாலு ஐப்பசி அது. அடுத்த வெள்ளிக்கிழமை அங்கே கணக்கு டீச்சராகக் கிளம்ப வேண்டும். முதலில் கொழும்பு, அங்கிருந்து மாலே. வேலைக்கு எழுதிப்போட்டபோது இருந்த தைரியம், டிக்கெட் தபாலில் வந்த அன்றே காணாமல் போயிருந்தது.

"கொழும்புல இருந்து மாலேக்கு எவ்வளவு நேரம் ஆகும் சார்?"

மேசைக்குப் பின்னால் இருந்த பெருமாள்ராஜ் நிமிர்ந்தான். நனைந்த இமைகள்... மிரண்ட இரண்டு பெரிய கண்கள்... அவளுடைய டிக்கெட்டை வாங்கிப் பார்த்தான். பத்து மணிக்குப் புறப்பட்டு பத்து ஐம்பதுக்கு இறங்குகிறது. வெறும் ஐம்பது நிமிடம், கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடலாம் என்றான். அவள் சிரித்தாள், இரண்டு வருடத்துக்கு டீச்சர் வேலைக்குப் போவதாகச் சொன்னாள். மழை விட்டதில் அவனுக்குத்தான் வருத்தம்.

மறுநாள் மாலை அவள் சிரிக்காமல் வந்தாள். எண்ணூறு கிலோமீட்டர் கடலை ஐம்பது நிமிடத்தில் எந்த விமானம் தாண்டும்? கணக்கு இடிக்கிறதே. நேரத்தையே தப்பாகப் போடுகிறவர்கள் பிளேனை எப்படி ஓட்டுவார்கள் என்று கேட்டாள்.

பெருமாள்ராஜுக்குச் சுருக்கென்றது. ஆறு வருடமாக டிக்கெட் போடுகிற தனக்குத் தெரியாதா என்று விறைத்துக்கொண்டான். அவள் டிக்கெட்டை மேசையில் வைத்தாள்.

"இத அனுப்பினவங்களுக்கே திருப்பி அனுப்பிருங்க. எனக்குப் பயமா இருக்கு... நான் போகல."

அவள் படியிறங்கிய பிறகுதான் கால அட்டவணையைப் புரட்டினான். டிக்கெட்டில் அந்தந்த ஊருக்கு அந்தந்த ஊர் நேரம். மாலே கடிகாரம் கொழும்பைவிட அரை மணி பின்னால் ஓடுகிறது. உண்மையில் ஒரு மணி இருபது நிமிடப் பயணம்.

சொல்லாமல் விட்டால் அவள் இங்கேயே இருப்பாள்... அப்படி நினைத்ததும் அவனுக்குத் தன்மேலேயே பயம் வந்தது. டிக்கெட்டை எடுத்துக்கொண்டு கொட்டுகிற மழையில் ஓடினான்.

பஸ் ஸ்டாப்பில் நின்றவளிடம் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னான்.

"பிளேன்ல ஒரு தப்பும் இல்ல டீச்சர். நாந்தான் தப்பாக் கழிச்சேன், வீம்புக்கு வேற பேசிட்டேன். நீங்க போகணும்."

இதைச் சொல்லவா இப்படி நனைந்துகொண்டு வந்தீர்கள் என்று கேட்டாள். அவன் டிக்கெட்டை நீட்டினான்.

"போகாதீங்கன்னுதான் மனசு கெடந்து அடிச்சிக்கிடுது. ரெண்டு வருசத்துல வந்துருவீங்கள்லா... அப்ப எங்கம்மாவ உங்க வீட்டுக்கு அனுப்பட்டுமா?"

பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. அந்தக் கண்களில் பயம் இன்னும் போகவில்லை, கூடவே வெட்கமும் வந்து சேர்ந்திருந்தது. டிக்கெட்டை அவன் கையிலிருந்து பைய வாங்கிக்கொண்டாள்.

"ரெண்டு வருசம்லாம் வேண்டாம். வெள்ளிக்கிழமைக்கு முன்னாலயே அனுப்புங்க. எனக்காக இங்கன ஒரு ஆள் காத்துக்கிட்டு இருக்குன்னு தெரிஞ்சாத்தான் நான் பிளேன்ல ஏறுவேன்."