எட்டாத படி

கடைசிப் படியிலிருந்து காலை இறக்கிய கமேலோவுக்குத் தரை தட்டுப்படவில்லை. இடுப்புக் குடத்தை அணைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். நேற்றுவரை பாதம் பதிந்த இடம் இன்று முழங்கால் அளவு கீழே கிடந்தது.

தரை இறங்குவது அந்த ஊருக்குப் புதிதல்ல. வீட்டின் இரும்புமரக் கால்கள் ஆழத்துக் களிமண்ணில் ஊன்றி நிற்பவை. மேலே இருப்பதுதான் கருமண்; இலையும் வேரும் கட்டையும் யுகயுகமாகத் தண்ணீரில் ஊறிக் கிடக்கிற மண். காய்ந்தால் அமிழ்ந்துவிடும். கோடைதோறும் அவள் கணவன் உசோப் ஏணியின் அடியில் ஒரு படி கூட்டி அடிப்பான். காசு செலவில்லாமல் நம் வீடு மாடி வீடாகிறது என்று சிரிப்பான். ஆறு வயது மகன் திங்காங் கீழே நின்று, “எட்டலப்பா, தூக்கு” என்று இரண்டு கைகளையும் நீட்டுவான். அதெல்லாம் போன கோடையோடு சரி. இந்த ஆண்டுப் படியை உசோப் போன வாரம்தான் அடித்திருந்தான்.

நடுப்பகல். புகையில் வெளிச்சம் மஞ்சளாகி, விளக்கேற்றும் நேரம் போல மங்கிக் கிடந்தது. குருவி கத்தவில்லை. தவளைகூட இல்லை. கமேலோ முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு கால்வாய்க் கரையில் இருந்த மகனின் குழிமேட்டுக்கு நடந்தாள். கிணற்றில் ஊறும் கொஞ்சநஞ்சத் தண்ணீரையும் அவள் அங்கேதான் ஊற்றினாள். இந்த மண் எதையும் எளிதில் மக்கவிடாது. ஈரம் இருந்தால் பிள்ளை பத்திரமாக இருப்பான். திவாச் சடங்கன்று எலும்பை எடுத்துக் கழுவி, செதுக்கிய மரவீட்டில் வைத்துவிட்டால் அவன் முன்னோர் ஊருக்குப் போய்ச் சேருவான். அதுவரை பாவம், இங்கேதான் சுற்றிக்கொண்டிருப்பான். எலும்பு மிஞ்ச வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கால்வாய் வறண்டு வெடித்திருந்தது. முன்பு அதில் தண்ணீரை நிறுத்திவைக்க மரத்தடுப்பு இருந்தது. மேலே நிற்கும் காட்டைவிட இந்த மண்ணுக்குள்தான் கரி அதிகம், ஈரம் போனால் அத்தனையும் புகையாகி நம் பெயர்கூடக் கேட்டிராத நாடுகளையும் சுடவைக்கும் என்று அதிகாரிகள் வந்து சொன்னபோது, தடுப்புக்கு முதல் கட்டையை இறக்கியவன் உசோப். அதைக் கோடாலியால் பிளந்தவனும் அவன்தான். புகையில் மூச்சுத் திணறிய மகன் அவள் மடியில் கிடக்க, ஆஸ்பத்திரிக்குப் போகும் படகு அதைத் தாண்ட வேறு வழியிருக்கவில்லை. படகு தாண்டியது. பிள்ளை ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. பிளவை மழைவெள்ளம் அகலமாக்க, தண்ணீர் முழுவதும் ஆற்றுக்கு வடிந்துவிட்டது. ஊரில் ஒருவர்கூட உசோப்பைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

குழிமேட்டில் தண்ணீரைக் கவிழ்த்தாள். சுர்ரென்று உள்ளே போனது. கையை வைத்தாள்.

சுட்டது.

“திங்காங் அப்பா, தரை சுடுது. வந்து கையை வச்சுப் பாருங்க.”

வீட்டு ஏணி உச்சியில் பலகையும் சுத்தியலுமாக நின்ற உசோப் இறங்கவில்லை.

“பாக்க வேண்டாம். காலையிலயே வச்சுப் பாத்துட்டேன்” என்றான்.

எங்கோ பிடித்த தீ, சுடர் காட்டாமல், காய்ந்த மண்ணுக்கடியில் வேர் வேராக ஊர்ந்து வந்திருக்கிறது. அவளுக்கும் அது தெரியும். குழிமேட்டின் நடுவில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை விழுந்து, அதிலிருந்து மெல்லிய புகை வந்தது. கருமண் எரியும் புளித்த நாற்றம். அதோடு இன்னொரு வாசனை. வெள்ளைமரத் தைலம். அந்தக் கடைசி இரவில் மகன் நெஞ்சில் அவள் தேய்த்த தைலம்.

உள்ளே யாரோ இருமினார்கள்.

சின்னதாக இரண்டு. இழுத்து ஒன்று. அவன் இருமுவது போலவே.

முகமூடியைக் கழற்றினாள். குப்புறப் படுத்து, துளையில் வாயை வைத்தாள். பிள்ளை காற்றோடு போய்விடக் கூடாது. ஊருக்கெல்லாம் புகையாகப் போய்விடக் கூடாது. இழுத்தாள். நெஞ்சு எரிந்தது. மறுபடியும் இழுத்தாள். வெளியே விட மனம் வரவில்லை.

துளையிலிருந்து புகை வருவது நின்றுபோனது.

எழுந்தாள். வீட்டுக்கு நடந்தாள். வழி நீளமாக இருந்தது. ஏணியின் கடைசிப் படி இப்போது அவள் தலைக்கு மேலே நின்றது. தரை இறங்கியதா? இல்லை, அவள்தான் குறுகிவிட்டாளா?

இருமல் வந்தது. சின்னதாக இரண்டு. இழுத்து ஒன்று.

கைகள் தாமாக உயர்ந்தன. வாய் தானாகத் திறந்தது.

“எட்டலப்பா. தூக்கு.”

சுத்தியல் கீழே விழுந்தது. உசோப் அவளைப் பார்த்தான். முதலில் பயம். பிறகு, ஓராண்டாக அவள் காணாத சிரிப்பு. அழுதுகொண்டே அவன் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினான்.

“வாடா கண்ணு. அப்பா இருக்கேன்ல.”

நான் கமேலோ என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். புகைதான் வந்தது. அவன் அதைத்தான் வாரி அணைத்துத் தூக்கிக்கொண்டிருந்தான்.