நபீஸாவின் தண்ணீர்க் கோப்பை

நேற்று நோன்பு திறந்த பிறகும் நபீஸாவின் கோப்பையில் தண்ணீர் அப்படியே இருந்தது. அவளுக்குக் களைப்பு என்று நினைத்து, கணவன் முனாப் அதையும் தானே எடுத்துக் குடித்துவிட்டான்.

இன்று மாலை, வெள்ளைக்காரரின் போர்க்கப்பல்கள் போய் வெறிச்சோடிய துறைமுகத்திலிருந்து எண்ணெயும் பாசியும் கலந்த வாடை ஜன்னல் வழியே வர, குசினியில் கஞ்சி கொதித்து அடங்கும் சத்தத்துக்கு நடுவே, அவள் மூச்சு தட்டித் தட்டி வருவது அவனுக்குக் கேட்டது.

முனாப் ஆஸ்பத்திரியில் பதிவு எழுதுகிறவன். நோயாளிகளின் அட்டைகளில் டொக்டர்மார் கிறுக்கும் வாயில் நுழையாத சொற்களை வீட்டுக்குக் கொண்டுவந்து உடைத்துக் காட்டுவான். நபீஸா ஒவ்வொரு துண்டாகத் திருப்பிச் சொல்லுவாள். அவனைவிடத் திருத்தமாகச் சொல்லுவாள். அதில் அவனுக்குக் கொஞ்சம் எரிச்சலும் உண்டு.

"இஞ்சாருங்க, இண்டைக்கு என்ன சொல்லு கொண்டுவந்தீங்க?"

கணுக்காலைச் சொறிந்துகொண்டே கேட்டாள். இரண்டு மாதத்துக்கு முன், மீன் சந்தைக்குப் பின்னால் நாய் கடித்த இடம்.

அதற்கு வயிற்றில் பதினான்கு ஊசி போட வேண்டியிருந்தது. போடுகிறவன் ஆஸ்பத்திரியில் முனாபோடு தேநீர் குடிக்கும் இரத்தினசிங்கம். "அவனுக்கு முன்னால நீ வயித்தக் காட்டுறதா?" என்று முனாப் அன்று சத்தம் போட்டான். பள்ளிவாசல் லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கிக் கொடுத்தான். "ஊசியும் கட்டாயம் போடுங்க, தம்பி" என்று லெப்பை சொன்னதை மட்டும் அவளிடம் மறைத்தான். மானத்தைக் காப்பாற்றிய மடையன்.

நோன்பு திறக்கும் பாங்கு கேட்டது.

அவள் கோப்பையைத் தூக்கினாள். உதட்டுக்குக் கிட்ட வரவில்லை. கழுத்து இழுத்தது. கோப்பை விழுந்தது. பாயில் தண்ணீர் பரவ, கால்களை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒண்டினாள்.

நோன்பு. பகலெல்லாம் அவள் குடிக்காததை யார் கண்டார்கள்?

அவனுக்குள் சொல் தானாகவே உடைந்தது. ஹைட்-ரோ. தண்ணீர். ஃபோ-பி-யா. பயம். அந்தச் சொல் எழுதிய நாய்க்கடி அட்டைகளைக் கட்டிவைத்தவன் அவன்தான். அந்த நோயாளிகளில் ஒருவர்கூட வீடு திரும்பவில்லை.

"தாகமா இருக்கு. தாங்க."

இன்னொரு கோப்பையில் ஊற்றினான். ஊற்றும் சத்தத்துக்கே அவள் தொண்டை மறுபடி இழுத்தது. எச்சில் நூலாய் இறங்கியது. கண்கள் மட்டும் தெளிவாக அவனைப் பார்த்தன.

"இதுக்கு ஒரு பேர் இருக்குமே. உடைச்சுச் சொல்லுங்க... நான் சொல்லுறன்."

கோப்பையோடு முனாப் நின்றான். வாயைத் திறந்து, நுரை வழிய, முதல் துண்டுக்காக அவள் காத்திருந்தாள்.