இரண்டாவது ஃபிலோமெனா

குடை அவனுடையது. மழை இருவருக்கும் பொது.

தெற்கு இத்தாலியில், கலாப்ரியாவின் மலையூரான மோந்தெசெர்ராவுக்குப் போகும் பேருந்து இன்னும் வரவில்லை. நிறுத்தத்தில் நனைந்துகொண்டிருந்த பெண்ணின் தலைக்கு மேல் ரொக்கோ குடையை நீட்டினான். நிமிர்ந்தாள். ஈர இமைகளுக்குள் தேன் நிறக் கண்கள்... குடையை முழுக்க அவள் பக்கம் சாய்த்துக் கேட்டான்.

"எந்த ஊருங்க?"

"அர்ஜென்டினா. ரொசாரியோ. பேரு அனாலியா."

"அவ்வளவு தூரத்துலேர்ந்தா?"

"மோந்தெசெர்ரா நகராட்சி கிளார்க்கை நேர்ல நாலு வார்த்தை கேக்கணும். எங்க கொள்ளுப்பாட்டி ஃபிலோமெனாவோட பிறப்புச் சான்றிதழ் கேட்டு எழுதினேன். பொறந்து பதினோரு மாசத்துலயே செத்துட்டாங்கன்னு பதில் போட்டிருக்கான். அப்போ எங்க தாத்தாவைப் பெத்தது யாராம்?"

குடை லேசாக ஆடியது.

"அவன் பேரு என்ன?"

"ரொக்கோ. கையெழுத்து மட்டும் முத்து முத்தா இருந்துச்சு. ஆமா, உங்க பேரு?"

"...பஸ் வந்துடுச்சு."

மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை. நகராட்சி அலுவலக மேசைக்குப் பின்னால் அவனைக் கண்டதும் அனாலியா அப்படியே நின்றுவிட்டாள்.

"அடப்பாவி... நீங்களா?"

ரொக்கோ 1899ஆம் வருடப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினான். ஃபிலோமெனா. ஓரத்தில் இறப்புக் குறிப்பு. அவள் முகம் வெளுத்தது.

இத்தாலியக் குடியுரிமைக்கு அவளுக்கிருந்த ஒரே வேர் அந்தப் பெண்தான். பெண் வழி, அதுவும் தாத்தா பிறந்தது 1948க்கு முன்பு; அப்போதைய சட்டப்படி தாய் வழியில் குடியுரிமை வராது என்று தூதரகம் கைவிரித்துவிட்டது. நீதிமன்றம்தான் கதி. சனிக்கிழமைக்குள் சான்றிதழ் ரோமில் வக்கீல் கைக்குப் போகாவிட்டால் வழக்கே இல்லை.

"பதிவுல இருக்கறதைத்தானே எழுத முடியும்?" என்றான் விறைப்பாக.

"நல்லா எழுதுங்க... முத்து முத்தா." கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

மத்தியானம் ஏதோ ஒரு காகிதத்தில் தன் பெயரை எழுதியவன் கை பாதியில் நின்றது. ரொக்கோ... அவன் பிறப்பதற்கு முன்பே இறந்துபோன அண்ணனின் பெயர் அது. இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது இந்த ஊர் வழக்கம். அந்த வழக்கத்தில் பெயர் வாங்கியவனா அதை மறந்து புத்தகத்தை மூடினான்? அடுத்தடுத்த வருட ஏடுகளைப் புரட்டினான். 1902. ஃபிலோமெனா. அதே அப்பா, அதே அம்மா.

சாயங்காலம் அவளே மறுபடி வந்தாள்.

"வேற ஏதாவது கிடைச்சுதா?"

அந்தக் கண்களைப் பார்த்தான். "தேடறேன்... நாளைக்கு வாங்க."

புதன்கிழமையும் அதே கேள்வி, அதே பதில். வியாழக்கிழமை கூடவே இரண்டு காபி, கொஞ்சம் சிரிப்பு.

வெள்ளிக்கிழமை காலை, ரோமுக்குக் கிளம்ப அவள் நின்ற மோந்தெசெர்ரா நிறுத்தம், அதே மழை. ரொக்கோ உறையை நீட்டினான். பிரித்துப் படித்தாள்.

"எப்போ கிடைச்சுது?"

"செவ்வாய் மத்தியானம்."

"செவ்வாயா..?"

"குடுத்தா அப்பவே ரோமுக்குக் கிளம்பிடுவீங்க. தப்புதான்... திட்டுங்க. உங்களை எனக்குப் பிடிச்சுப்போச்சு."

அவள் உறையை நனையாமல் கைப்பைக்குள் வைத்தாள்.

"செவ்வாய் சாயங்காலம் உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே சர்ச்சுக்குப் போனேன், பாதிரியார் ஞானஸ்நானப் புத்தகத்தைக் காட்டிட்டார். ரெண்டாவது ஃபிலோமெனா. 1902."

"தெரிஞ்சுமா தினம் வந்து கேட்டீங்க?"

"நாளைக்கு வாங்கன்னு சொல்லுவீங்கல்ல... அதைக் கேக்கத்தான்."

பேருந்து வந்து நின்றது. படியில் கால் வைத்தவள் திரும்பினாள்.

"இன்னைக்கு ஏன் 'நாளைக்கு வாங்க'ன்னு சொல்லலை?"

குடை எங்கோ சாய, நனைந்தபடி ரொக்கோ சொன்னான்.

"திங்கக்கிழமை வாங்க... ஆபீசுக்கு இல்ல. வீட்டுக்கு."