பதினோராவது போன்

வலையை இழுத்தார்கள்.

மீனோடு ஒரு கை வந்தது!

நான்கு நாளாகக் காணாமல் போயிருந்த ஓலோவின் கை. விக்டோரியா ஏரிக்கரையில் மீன் எடை போடுகிறவன். பின்னாலேயே உடலும் வந்தது. பின்மண்டை பிளந்திருந்தது.

அடுத்த அரை மணியில் ஒகாடாவை ஜீப்பில் ஏற்றினார்கள். போன வாரம் ஓலோவின் சட்டையைப் பிடித்தவன்.

"எங்கண்ணன் செய்யல சார்!" ஒகாடாவின் தங்கை அகுமு, இன்ஸ்பெக்டர் முடிசோவை வழிமறித்தாள். "ஏரியில விஷம் ஊத்தி மீன் பிடிக்கிறவனைப் படம் பிடிக்கப் போறேன்னு ஓலோ சொன்னான். அன்னிக்குதான் காணாமப் போனான்!"

"படம் எங்கே?"

எடைக் கொட்டகை மேசையில் கரைக்காரர்களின் ஒன்பது போன்கள். எதிலும் இல்லை.

கரைத் தலைவர் அதேரா சிரித்தார். "இந்தப் பொண்ணு பண்ணின ஏற்பாடு அப்படி. நீயே சொல்லும்மா."

விளக்கச் சொன்னால் அகுமுவுக்கு அழுகைகூட நின்றுவிடும்.

"கரையில மொத்தம் பதினொரு போன் சார். நடுவுல பெரிய கம்ப்யூட்டர் கிடையாது. ஒண்ணுல எடுத்த படம் பக்கத்துப் போனுக்குத் தொத்தும்... அதுலேர்ந்து அடுத்ததுக்கு. அழிச்சாலும் அதே கதைதான். 'இதை அழிச்சாச்சு'ன்னு ஒரு சீட்டு எல்லாத்துக்கும் போகும்."

"அந்தச் சீட்டைக் காட்டு."

"மூணு நாள்ல தானா கழிஞ்சிடும். இடத்தை அடைக்குதேன்னு நான்தான்..."

"அண்ணனுக்கு நீயே குழி வெட்டிட்ட!" என்றார் அதேரா.

அகுமு எண்ணினாள். இங்கே ஒன்பது. ஓலோவுடையது ஏரிக்குள். பதினோராவது...?

தொலைவில் மோட்டார் சத்தம்.

நியாகுடி மாமாவின் படகு! நான்கு நாளைக்கு முன் தீவுப் பக்கம் போனது.

"சார்!" அகுமு படகைக் காட்டினாள். "அன்னிக்கு மாமா கிளம்பறப்ப படம் அவர் போன்ல தொத்தியிருந்தா... அப்புறம் இங்க யாரோ அழிச்சது அதுக்குத் தெரியாது! சொல்ல வேண்டிய சீட்டும் இப்ப இல்ல. அது என்ன நினைக்கும்? 'அடடா, எங்கிட்ட இருக்கிற படம் இவங்ககிட்ட இல்லையே'ன்னு..."

படகு கரை தட்டியது.

டிங்!

மேசையில் முதல் போன்.

டிங்... டிங்...

அதேராவின் கை மேசைக்குப் பாய்ந்தது. முடிசோ அதை அழுத்திப் பிடித்தார்.

"பொறுங்க தலைவரே. படம் ஆரம்பிக்கட்டும்."

திரையில் அதேரா! கேனிலிருந்து ஏரிக்குள் எதையோ ஊற்றுகிறார். திரும்புகிறார். "யார்ரா அது... போனைக் குடுடா!" துடுப்பு உயர்கிறது...

பிறகு படகின் அடிப்பலகை மட்டும். சத்தம் மட்டும்.

அகுமு காதைப் பொத்திக்கொண்டாள்.

டிங்!

கடைசி போன். அதேராவுடையது.

முடிசோ விலங்கை எடுத்தார்.

"பத்து போன்லயும் நீங்கதான் தலைவரே! விலங்குதான் ஒரே ஜோடி... கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க!"