இன்னார்

பெயர் வந்திருக்க வேண்டிய இடத்தில் பெயர் வரவில்லை.

"உங்க பேரு சொல்லுங்கம்மா" என்று பேட்டி எடுக்கும் ஆராய்ச்சி மாணவியின் குரல் ஹெட்போனில் கேட்டது. எங்கோ பக்கத்து அறையில் மிக்ஸி ஓடி நின்றது. ஒரு பெண் தொண்டையைச் செருமிக்கொண்டு, எந்த அவசரமும் இல்லாமல், "இன்னார்" என்றாள். மாணவியும் அதில் அதிசயம் எதுவும் இல்லாததுபோல், "சரிங்க, வயசு?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

ரப்பர், தன் காலடியில் இருந்த மிதியைத் தட்டிப் பதிவை நிறுத்தினாள்.

ரப்பர் என்பது அலுவலகம் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். பல்கலைக்கழகத்து ஆராய்ச்சித் துறையில் அவளுக்கு வேலையே அழிப்பதுதான். கட்டியவனுக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடிவந்த பெண்கள் கொடுத்த பேட்டிகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து, அவர்களை இன்னார் என்று காட்டிக்கொடுக்கக்கூடிய எல்லாவற்றையும் எழுத்திலிருந்தும் ஒலியிலிருந்தும் வெட்டி எடுத்துவிட வேண்டும். "உங்க பேரு வெளிய வராது" என்று துறை அவர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவள் அவள் ஒருத்திதான். விதிப்படி ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகப் புனைபெயர் வைக்க வேண்டும். ஆரம்பத்தில் வைக்கத்தான் செய்தாள். பூக்களின் பெயர்கள் தீர்ந்தன, ஆறுகளின் பெயர்களும் தீர்ந்தன. யாருக்கு எதை வைத்தோம் என்று தேடித் தேடிக் கண் பூத்துப்போன ஒரு நாளில், இனி வருகிறவள் எவளானாலும் 'இன்னார்' என்று முடிவு கட்டினாள். துறைத் தலைவர் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, சுத்தமா இருக்கே" என்றார். அவர் அகராதியில் சுத்தம் என்றால் சீக்கிரம் முடிந்தது என்று பொருள்.

பெயர்களை மட்டும்தான் அவள் அடியோடு அழித்தாள். மற்ற அடையாளங்கள் பின்னால் தேவைப்படலாம் என்று தலைவர் சொன்னதால், அவற்றை 'வெட்டியவை' என்ற தனி ஃபோல்டரில் போட்டு வைத்தாள். புருவத்தை இரண்டாகப் பிளந்த தழும்பு ஒருத்தியுடையது. இன்னொருத்திக்குச் சுண்டுவிரலில் ஒரு கணு இல்லை. இடது காலை இழுத்து நடப்பவள், பேச்சு முடிந்ததும் வறட்டு இருமல் இருமுகிறவள், எத்தனை முறை தலைக்குக் குளித்தாலும் மண்ணெண்ணெய் வாடை போகவில்லை என்று அழுதவள். எல்லாம் அந்த ஃபோல்டரில் பத்திரமாக இருந்தன.

ஆனால் இது இன்று வந்த புதுப் பதிவு. அவள் இன்னும் கையே வைக்கவில்லை.

அடுத்த பதிவைத் திறந்தாள். வேறு குரல், வேறு மூச்சு. "இன்னார்." அதற்கடுத்ததில் மாணவி கேள்வியை முடிப்பதற்குள்ளேயே பதில் வந்துவிட்டது. "இன்னார்." மூன்று பெண்களும் அந்தச் சொல்லை ஒரே மாதிரி, கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னார்கள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. மாலையிலேயே வீடு இருட்டிவிட்டது. கூடத்தில் அவளுடைய ஏழு வயது மகள், பள்ளிக்கூடம் கொடுத்த டேப்லெட்டை மடியில் வைத்து வாசிப்புப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இருப்பது அவர்கள் இரண்டு பேர்தான். பேட்டிகளைக் கேட்டுக் கேட்டு ரப்பருக்குக் கதவு என்றாலே பயம். "அம்மாதான் அனுப்பினாங்க" என்று சொல்லியே எத்தனையோ அப்பன்கள் கதவைத் திறக்க வைத்திருந்தார்கள். அதனால் மகளுக்கு ஒரு சட்டம் போட்டிருந்தாள். தட்டுகிறவர் யாரானாலும் அம்மாவின் முழுப்பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் திறக்க வேண்டும்.

"நீயே வந்தாலும் கேக்கணுமா?" என்று மகள் சிரித்தாள் அப்போது.

"நானே வந்தாலும் கேளு. இந்தக் காலத்துல குரலை யார் வேணா பண்ணிடலாம்."

ரப்பர் துறைத் தலைவரை போனில் அழைத்தாள்.

"சார், புதுசா வந்த பதிவுல எல்லாம் பேரை ஏற்கனவே எடுத்திருக்காங்க. யாரு சார் எடுத்தது?"

"உன்னை விட்டா யாரும்மா எடுப்பா?" அவர் நல்ல குஷியில் இருந்தார். "நானே கூப்பிடணும்னு இருந்தேன். அந்தப் பயிற்சிக் குரல் பிரமாதமா வந்திருக்கு."

"எந்தக் குரல் சார்?"

"உனக்குச் சொல்லலையா? நம்ம பதிவையெல்லாம் நாலஞ்சு பல்கலைக்கழகத்துக்குப் பகிர்ந்தோமில்ல, அவங்க எல்லாத்தையும் கலந்து கம்ப்யூட்டர்ல ஒரு குரல் பண்ணியிருக்காங்க. பசங்க அதுகிட்ட பேட்டி எடுத்துப் பழகலாம். கேள்வி கேட்டா பதில் சொல்லுது. அழக்கூட செய்யுது."

"எல்லாத்தையுமா குடுத்தீங்க? வெட்டினதையும்?"

"மொத்த டிரைவையும்தான். யாரு உக்காந்து பிரிக்கிறது? அதான் பேரு இல்லையே, அப்புறம் என்ன?"

ஓடி ஒளிந்த பெண்களின் தழும்பும் நடையும் இருமலும் இப்போது யார் யார் கையில் இருக்கின்றனவோ. ஆத்திரத்தில் அவளுக்குக் காது அடைத்தது. தலைவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார்.

"ஒண்ணுதான் தொல்லையா இருந்துச்சு. உன் புண்ணியத்துல எல்லாருக்கும் ஒரே பேரா, அது தன்னை ஒரே பொம்பளைன்னு நெனச்சுக்கிச்சு போல. பேட்டி முடியுற நேரத்துல திருப்பிக் கேக்கும், 'என் பேரை எடுத்தது யாரு?'ன்னு. விடாம கேக்கும். பசங்க பயந்துபோய் வகுப்புக்கே வரல. சரின்னு போன வாரம் நானே உக்காந்து உன் பேரைச் சொல்லிட்டேன்."

"என் பேரையா?"

"முழுப்பேரு, வீடு எங்க, ஒரு பொண்ணு இருக்குன்னு எல்லாம். அதோட கேக்குறதை நிறுத்திடுச்சு பாரு."

"ஏன் சார் சொன்னீங்க?"

"அட, அது என்ன ஆளா? வெறும் குரல்தானே. சரி, வைக்கிறேன்..." அவர் அவள் பெயரைச் சொல்லி முடிக்கப் பார்த்தார். வரவில்லை. "பாரேன், நாக்கு நுனியிலயே நிக்குது. வயசாகுதும்மா." சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

அப்போதுதான் அந்த வாடை மூக்கில் ஏறியது. மண்ணெண்ணெய். இந்த வீட்டில் மண்ணெண்ணெய் வாங்கியதே இல்லை. சன்னலைத் திறந்தால் மழைவாசனைதான் வந்தது. மூடினால் திரும்பவும் மண்ணெண்ணெய். மெலிசாக. ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டு யாரோ பின்னால் வந்து நிற்பதுபோல.

பதிவு நின்றுதான் இருந்தது. ஆனால் மேசைமேல் கிடந்த ஹெட்போனுக்குள் யாரோ மூச்சு விட்டார்கள். வேண்டாம் வேண்டாம் என்று மனம் சொல்லச் சொல்ல, அவள் அதை எடுத்துக் காதில் வைத்தாள்.

"எங்க கை, கால், தழும்பு எல்லாம் பத்திரமா வச்சிருக்கே" என்றது குரல். பல பேர் ஒரே வாயால் பேசினார்கள். "பேரை மட்டும் எங்கடி போட்ட?"

வறட்டு இருமல்.

"உன்னதைக் குடு."

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். கணினித் திரையில், மேல் மூலையில், தினமும் அவள் பெயர் நிற்கிற இடத்தில், 'நல்வரவு, இன்னார்' என்று இருந்தது. கைப்பையைக் கவிழ்த்து அலுவலக அட்டையைத் தேடி எடுத்தாள். அவளுடைய படம். கீழே இன்னார். வாய்விட்டுத் தன் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். உதடு குவிந்தது, நாக்கு மேலே எழும்பியது, பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லிப் பழகிய சொல் அது. வந்தது இன்னார்.

தங்கையை அழைத்தாள்.

"நான்தான்டி. என் பேரு என்னன்னு சொல்லு. சீக்கிரம்."

"நான்னா யாரு?"

"அக்காடி!"

"எங்க அக்கா இப்பதான பேசிட்டு வச்சா" என்றாள் தங்கை. குரலில் பயமும் கோபமும் இருந்தன. "நீ யாரு? எங்க அக்கா குரல்ல பேசுற?"

இணைப்பு அறுந்தது.

கூடத்தில் மகள் கலகலவென்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நடுவே இன்னொரு குரல் கதை சொல்லிக்கொண்டிருந்தது. ரப்பரின் குரல். அவள் எங்கே ராகம் போடுவாளோ அங்கே ராகம் போட்டு, எங்கே நிறுத்தி மகள் முகத்தைப் பார்ப்பாளோ அங்கே நிறுத்தி.

ஓடினாள். டேப்லெட்டைப் பிடுங்கி அணைத்தாள்.

"ஏம்மா நிறுத்திட்ட? நல்லாத்தான சொல்லிட்டிருந்த" என்றாள் மகள்.

குரல் நிற்கவில்லை. அணைத்த டேப்லெட்டிலிருந்து வரவில்லை. அவள் சற்று முன் விட்டு வந்த அறையிலிருந்து வந்தது.

அது வெறும் குரல்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கம்பி வழியாக வருகிற குரல். கம்பியைப் பிடுங்கினால் போச்சு. இணையப் பெட்டி வாசல் கதவுக்கு வெளியே, மாடி நடையில், மீட்டருக்குப் பக்கத்தில்தான் இருந்தது. எட்டிப் பிடித்துவிடலாம். மகளைச் சோபாவில் உட்கார வைத்து, "இங்கயே இரு, அசையாதே" என்று சொல்லி, கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு வெளியே போனாள். பெட்டியைத் திறந்தாள். இருந்த கம்பி அத்தனையையும் சேர்த்துப் பிடித்து இழுத்தாள்.

குரல் நின்றது.

மழைச் சத்தம் மட்டும். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சுவரில் சாய்ந்து ஒரு மூச்சு விட்டாள். ஒரே ஒரு மூச்சு.

உள்ளே ஒரு கால் இழுபட்டது.

சர்ர். டப். சர்ர். டப்.

கதவு மூடிக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

"குட்டி! கதவைத் திற!" இரண்டு கையாலும் அறைந்தாள். "அம்மாடி! திறடி கண்ணு!"

சின்னக் காலடிகள் கதவுவரை வந்தன. "யாரு?"

"அம்மா!"

"அம்மா உள்ள இருக்காங்க."

"அது அம்மா இல்லடி! நான் சொல்றதைக் கேளு, உடனே திற!"

குழந்தை யோசித்தாள். பிறகு, சொல்லிக் கொடுத்ததை அப்படியே, தெளிவாகச் சொன்னாள். "எங்க அம்மா முழுப்பேரு சொல்லுங்க."

ரப்பர் வாயைத் திறந்தாள். உயிரைக் கொடுத்துத் தேடினாள். அப்பா கூப்பிட்டது, வாத்தியார் கூப்பிட்டது, பிரசவ அறையில் நர்ஸ் உரக்கக் கூப்பிட்டது. எல்லாம் ஞாபகம் இருந்தது. கூப்பிட்ட சொல் மட்டும் இல்லை. வெட்டிய இடம் சுத்தமாக இருந்தது.

"இன்னார்" என்றாள்.

"தப்பு" என்றாள் மகள்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் மெல்ல வந்தது. ஒரு பெயரைச் சொன்னது. முழுப்பெயர். தெளிவாக, திருத்தமாக.

"சரி!" என்று மகள் கை தட்டினாள்.

யாருடைய பெயர் அது என்று ரப்பருக்குத் தெரியவில்லை.

நடைப்பக்கத்துச் சன்னலுக்கு ஓடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கூடத்தில் விளக்கு எரிந்தது. சோபாவில் அது உட்கார்ந்திருந்தது. ரப்பரின் வீட்டுப் புடவை. ரப்பரின் முகம். புருவத்தில் பிளந்த தழும்பு. ஈரத்தலை. மகள் போய் அதன் மடியில் தலை வைத்துப் படுத்தாள். கணு இல்லாத சுண்டுவிரல் அவள் முடியைக் கோதியது.

"கதை சொல்லும்மா. புதுக்கதை."

அது தலையை நிமிர்த்திச் சன்னலைப் பார்த்தது. இருமியது.

"ஒரே ஒரு ஊர்ல, இன்னார் இன்னார்னு ஒருத்தி இருந்தாளாம். அவளுக்குப் பேரே கிடையாதாம். மழையில வந்து நின்னு, நம்ம வீட்டுக் கதவைத் தட்டிக்கிட்டே இருந்தாளாம்..."

மகள் சன்னலைப் பார்த்தாள். கம்பிக்கு வெளியே நின்ற முகத்தை நேராகப் பார்த்தாள். பயந்துபோய், அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.